பூர்வீகம் புதுக்கோட்டை, நாடு இலங்கை: மலையகத் தமிழரின் அடையாளம் குறித்து

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மேற்படிப்புப் படிக்கும் ஒருவர், உடன் படிக்கும், இலங்கை மலைநாட்டின் ஹட்டன் பகுதி நண்பரிடம், "நீங்களும் எங்கள் ஆட்கள்தானே, இந்தியாவிலிருந்து போனவர்கள்தானே" என்று அன்பாகச் சொல்லியிருக்கிறார். நண்பர் முகம் வாடி, "நான் இலங்கையன்" என்று சற்று அழுத்தமாகவே பதில் சொன்னாராம். அதே நண்பர் அடுத்த விடுமுறையில் தம் குலதெய்வக் கோயிலைத் தேடிப் புதுக்கோட்டைப் பக்கம் அலைந்துவிட்டு வந்திருக்கிறார். "பூர்வீகத்தின் மேல் இவ்வளவு பற்று வைத்திருப்பவர் இந்தியர் என்ற சொல்லை ஏன் ஏற்க மறுக்கிறார்? மலையகத் தமிழர்கள் தங்களை எந்த நாட்டவராகக் கருதுகிறார்கள்?" என்பதே கேள்வி.

அந்த நண்பர் செய்த இரண்டு காரியங்களுக்கும் இடையே எனக்கு எந்த முரணும் தெரியவில்லை. பூர்வீகம் என்பது ஒருவருடைய முன்னோர் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பது. நாடு என்பது அவர் எங்கே பிறந்து, எந்த மண்ணில் உழைத்து, எந்த அரசிடம் உரிமை கேட்டு நிற்கிறார் என்பது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி, முன்னோர் எங்கிருந்து வந்தார்களோ அதுவே உன் நாடு என்று ஒரு சமூகத்திடம் சட்டம் போட்டுச் சொன்னபோது என்ன நடந்தது என்பதுதான் மலையகத் தமிழரின் கடந்த முக்கால் நூற்றாண்டு வரலாறு. இதை நான் வெளியில் நின்று பேசவில்லை. என் தாய்வழிக் குடும்பம் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தது. 1970களில், இந்திய இலங்கை அரசுகளின் ஒப்பந்தத்தின் கீழ், பாதிக் குடும்பம் நீலகிரி மாவட்டத்துக்கு வந்தது, பாதிக் குடும்பம் அங்கேயே இருந்துவிட்டது. ஆகையால் பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழகத்திலிருந்து இலங்கை மலைநாட்டுக்குத் தோட்ட வேலைக்கு ஆட்கள் சென்றது 1820களில் தொடங்கியது. 1823இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியாவில் தொடங்கப்பட்ட கோப்பி, அதாவது காப்பித் தோட்டத்தைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். 2023இல் 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே சென்றதும் அந்தக் கணக்கை வைத்துத்தான். அந்தக் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து கங்காணி என்னும் ஆள்சேர்ப்பு மேற்பார்வையாளர் ஆள் கட்டிக் கூட்டிப் போவார். கூட்டம் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நூறு மைலுக்கும் மேல் மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரியும். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை.

இங்கே ஒரு தொழில் விவரத்தைக் கவனிக்க வேண்டும். கோப்பி பருவப் பயிர் என்பதால் பழம் பறிக்கும் மாதங்களுக்கு மட்டும் ஆட்கள் போய், கூலியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். 1869க்குப் பிறகு இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தூரவில் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஓய்வு கிடையாது. வாரத்துக்கொரு முறை கொழுந்து எடுத்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் ஆள் தேவை, அதிலும் கொழுந்து எடுக்கப் பெண்கள் தேவை. அதனால் குடும்பம் குடும்பமாகக் குடியேறினார்கள், லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப் பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். ஒரு பயிரின் தன்மை, போய்வந்துகொண்டிருந்த மக்களை அந்த மண்ணின் மக்களாக மாற்றியது. ஆனால் அரசாங்க ஏடுகளில் அவர்கள் வந்துபோகிறவர்களாகவே எழுதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த துன்பங்கள் பெரும்பாலும் இங்கிருந்து முளைத்தவையே.

அந்த மக்கள் பூர்வீகத்தை எப்படி வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். மாசி மாதத்தில் மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்து நடத்தினார்கள். பொன்னர் சங்கர் கதையை விடிய விடிய ஆடினார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள். இவையெல்லாம் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கொண்டுபோனவை. கொண்டுபோனது அப்படியே இருந்துவிடவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்துக்குத் தோட்டத்துத் தமிழில் 'ரோதை' என்று பெயர். அந்தச் சக்கரத்தில் கை கால் சிக்காமல் காக்க ஒரு முனி வேண்டியிருந்தது, 'ரோதைமுனி' பிறந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் கும்பிட 'கவ்வாத்துச் சாமி' வந்தார். ரோதைமுனி தமிழகத்திலிருந்து கொண்டுபோன சாமி அல்ல. முனியாண்டியை வணங்கும் பழக்கம் முன்னோருடையது, சக்கரம் அந்த மலையுடையது. இரண்டும் சேர்ந்த அந்தச் சாமியை இந்தியச் சாமி என்பதா, இலங்கைச் சாமி என்பதா? கும்பிட்டவர்களுக்கு இப்படியொரு கேள்வியே எழவில்லை.

கேள்வியை எழுப்பியது அரசு. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, சில கட்டுப்பாடுகளோடுதான் என்றாலும், தோட்ட மக்களும் வாக்களித்தார்கள். 1947 பொதுத்தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளின் வெற்றிக்குத் துணைநின்றன. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்க வேண்டும். லயத்துக் காம்பராவில், அதாவது ஒற்றை அறை வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்த ஒருவருடைய தந்தைக்கு எங்கே பிறப்புப் பதிவு இருக்கும்? பேர்ப்பதிவுப் புத்தகத்தில் கணக்கப்பிள்ளை எழுதிய பெயர் ஒன்று, வீட்டில் அழைத்த பெயர் வேறொன்று. நாட்டின் பெரும்பாலான மக்களிடமும் இத்தகைய தாள்கள் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, தோட்டத்து மக்களிடம் மட்டுமே கேட்டார்கள்.

1949இல் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் என்று இன்னொன்று வந்தது. தொடர்ந்து குறிப்பிட்ட காலம் வசித்ததை நிரூபித்தால் பதிவுக் குடியுரிமை தரலாம் என்றது அது. சுமார் 8.25 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1.34 லட்சம் பேருக்கு. இந்த விண்ணப்ப எண்ணிக்கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. தங்களை எந்த நாட்டவராகக் கருதினார்கள் என்று கேட்டீர்கள் அல்லவா? 8.25 லட்சம் பேர் 1951 வாக்கிலேயே எழுத்து மூலம் பதில் கொடுத்துவிட்டார்கள். மாரியம்மனுக்குத் தீமிதித்துக்கொண்டே, காமன் கூத்து ஆடிக்கொண்டே, இந்த நாடுதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே ஆண்டுகளில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமை போனது. இந்தப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸ் கட்சியிலிருந்து பிரிந்த இலங்கைத் தமிழ்த் தலைவர் செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அதற்கடுத்தது 1964 அக்டோபர் 30ஆம் தேதி இரு நாட்டுப் பிரதமர்களிடையே கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த எஞ்சியவர்களை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்கு 75,000 என்று பகிர்ந்துகொண்டார்கள். யாருடைய தலைவிதி பேசப்பட்டதோ அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது 5,25,000 என்ற எண்ணிக்கை நிரம்பவே இல்லை, சுமார் 5 லட்சத்தோடு நின்றுவிட்டது. இலங்கைக் குடியுரிமைக்கோ ஒதுக்கப்பட்ட 3 லட்சத்தைப் போல இரு மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன. இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்களில் பலர்கூட விருப்பத்தால் கொடுக்கவில்லை. இலங்கையில் நிச்சயம் கிடைக்காது என்ற பயமும், கலவரங்களும், 1973-74 பஞ்ச காலத்தில் தோட்டங்களில் விழுந்த பட்டினிச் சாவுகளும் அவர்களைத் தள்ளின.

என் பாட்டி குடும்பம் 1975இல் வந்தது. கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரக அலுவலகத்துக்கு நடையாய் நடந்து கடவுச்சீட்டு வாங்கியிருக்கிறார்கள். பாட்டியும் தாத்தாவும், திருமணமாகாத மூன்று பிள்ளைகளும் ஒரு குடும்ப அட்டையில் இருந்தார்கள். மூத்த மாமா அதற்குள் திருமணமாகி, மனைவி வீட்டார் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்ததால், அங்கேயே நின்றுவிட்டார். இப்படிப் பிரிந்த குடும்பங்கள் மலையகத்தில் எண்ணற்றவை. மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். ரயிலைக் கோச்சி என்பது தோட்டத்து வழக்கு. நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை விடாமல் ரயிலோடு ஓடுவார்களாம். தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு எந்த மாவட்டத்தில் எந்த வேலை என்று தாளில் எழுதியிருக்கிறதோ அங்கே.

பாட்டியின் தகரப் பெட்டியில் நான் சிறுவயதில் பார்த்தவை இன்னும் கண்ணில் நிற்கின்றன. அட்டை கிழிந்த கடவுச்சீட்டு ஒன்று. குடும்ப அட்டை ஒன்று. அதில் ஐந்து பேரும் நெருக்கியடித்து நிற்கும் படத்தின் மேல் முத்திரை விழுந்து, என் தாயின் முகம் பாதி மறைந்திருக்கும். ஒரு துணி முடிச்சில் தேயிலை விதைகள் நான்கைந்து இருக்கும். அவை முளைக்கும் நிலையைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று தெரிந்தும் அவர் தூக்கிப் போடவில்லை.

தமிழ்நாட்டு அரசின் ஏடுகளில் இவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். நல்லெண்ணத்தோடு வைத்த பெயர்தான். ஆனால் திரும்புவதற்கு முன்பு ஒருமுறையாவது அங்கிருந்து புறப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்திய மண்ணை முதன்முறையாகக் கண்டது இராமேஸ்வரத்தில் இறங்கியபோதுதான். ஊர்க்காரர்கள் அவர்களைச் 'சிலோன்காரங்க' என்றார்கள், அவர்கள் குடியிருந்த இடம் சிலோன் காலனி ஆனது. இலங்கையில் இந்தியத் தமிழர், இந்தியாவில் சிலோன்காரர்.

தொழில் கடன் வாங்கிக்கொண்டு பூர்வீகக் கிராமங்களுக்குப் போனவர்கள் பட்ட பாட்டைத் தனியாகவே எழுத வேண்டும். கொழுந்தும் கவ்வாத்தும் மட்டுமே தெரிந்தவர் திருச்சிப் பக்கத்து வெயிலில் பெட்டிக்கடை வைத்து எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்? கடன் கரைந்ததும் பலர் மலையைத் தேடிப் போனார்கள். நீலகிரிக்கும் வால்பாறைக்கும் கொடைக்கானல் மலைக்கும் கூலி வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்காகவே தமிழ்நாடு அரசு உருவாக்கிய டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களில் இடம் கிடைத்தவர்கள் ஓரளவுக்குக் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் குடும்பத்துக்குப் பந்தலூர்ப் பக்கம் அப்படியொரு தோட்டத்தில் லயம் கிடைத்தது. அந்தத் தோட்ட நிலங்களில் 2,000 ஹெக்டேருக்கும் மேல் வனத்துறைக்குத் திருப்பித் தருவதென்று 2022இல் முடிவாகி, ஓய்வுபெற்றவர்கள் குடியிருப்பை விட்டு எங்கே போவது என்று கலங்கி நிற்கும் நிலை வந்திருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகி அரை நூற்றாண்டு கடந்த பின்னும் இன்னொரு முறை பெட்டி கட்டச் சொல்வது நியாயமில்லை என்பதை நான் எங்கும் சொல்வேன்.

தாத்தா உயிரோடிருந்தபோது ஒருமுறை எல்லோரும் புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீகக் கிராமத்துக்குப் போனோம். எனக்கு அப்போது பத்து வயது. குலதெய்வம் ஓர் ஆலமரத்தடிக் கருப்பர். பங்காளி வீட்டார் முகம் கோணாமல் சோறு போட்டார்கள். ஆனால் திண்ணையில் உட்கார்ந்த அரை மணி நேரத்துக்குள், "நிலம் கிலம் கேட்டு வரலையே?" என்ற கேள்வியும் வந்துவிட்டது. தாத்தா கருப்பரைக் கும்பிட்டுக் கண் கலங்கினார், உண்மையான கண்ணீர் அது. திரும்பும் வழியில் பேருந்தில் பாட்டி என் தாயிடம், "ஊர்ல இந்நேரம் மாசிக்குக் காமன் நட்டிருப்பாங்க" என்றார். அவர் சொன்ன ஊர், நாங்கள் விட்டுவந்த கிராமம் அல்ல. ஹட்டனில் அவர் வாழ்ந்த தோட்டம். அங்கே இருந்த காலமெல்லாம் 'ஊர்' என்றால் புதுக்கோட்டை. இங்கே வந்த பிறகு 'ஊர்' என்றால் தோட்டம். அந்த ஒரு சொல் திசை மாறியதை அன்று எனக்கு விளங்கிக்கொள்ளும் வயதில்லை.

இனி அங்கேயே நின்றுவிட்டவர்களுக்கு வருகிறேன். உங்கள் நண்பர் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர். 1984இல் போரினால் கப்பல் நின்றது, இந்தியக் கடவுச்சீட்டு வாங்கியும் வர முடியாதவர்கள் பல்லாயிரம் பேர் அங்கேயே தேங்கினார்கள். 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஒரு பகுதியினரின் நாடற்ற நிலையை நீக்கின. 2003இல் இலங்கைப் பாராளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் குடியுரிமை என்று அறிவித்தது. அதன்பின் நடந்த பதிவு இயக்கத்தில் சில நாட்களுக்குள்ளேயே சுமார் 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். ஆக, 1948இல் பறித்ததைத் திருப்பித் தர 55 ஆண்டுகள் ஆயின. 55 ஆண்டு காத்திருந்து வாங்கிய ஒன்றை, பக்கத்து இருக்கையில் இருப்பவர் "நீங்களும் இந்தியாதானே" என்று ஒரே வரியில் கடந்து போகும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் அன்பாகச் சொன்ன அந்தச் சொல்லைத்தான் அவருடைய பாட்டனாருக்கு எதிராகச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தார்கள்.

பெயர் பற்றிய விவாதமும் இதிலிருந்து வருவதே. 1911 முதல் இலங்கை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எண்ணினார்கள். 1971இல் 11.7 லட்சமாக இருந்த அந்த எண்ணிக்கை 1981இல் 8.2 லட்சமாக இறங்கியது. 2012இலும் 8.4 லட்சம் அளவில்தான் நின்றது. முதல் இறக்கத்துக்கு ஒப்பந்தம் பெரிய காரணம். பிந்தைய முப்பது ஆண்டுகளில் வளராமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதினால் பிள்ளைக்குப் பின்னால் சங்கடம் வரும் என்று அஞ்சிப் பலர் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதிக்கொண்டார்கள். 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்ற பெயரை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். கொழும்பில் வணிகம் செய்யும் குடும்பங்களுக்கு அது பொருத்தமாகப் படலாம், இந்திய அரசிடம் கோரிக்கை வைக்கும்போதும் அந்தப் பெயர் உதவுகிறது. ஆனால் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் தொழிற்சங்க இளைஞர்களும் கடந்த பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்த பெயர் 'மலையகத் தமிழர்' என்பது. என் சாய்வும் அதன் பக்கமே. அந்தப் பெயரின் முற்பாதியில் அவர்கள் காடு வெட்டித் திருத்திய மலை இருக்கிறது, பிற்பாதியில் முன்னோர் கொடுத்த மொழி இருக்கிறது. 'இந்திய' என்ற சொல் இல்லாததால் அதில் எதுவும் குறைந்துவிடவில்லை. 1976இல் வடக்கு கிழக்குத் தமிழ்க் கட்சிகளின் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டைக் கோரியபோது மலையகத் தலைவர் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அதோடு உடன்படாமல் விலகி நின்றதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மொழியால் ஒன்றாக இருந்தும், சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தோட்டத்தில் வாழும் மக்களுக்குத் தங்கள் எதிர்காலம் அந்த நாட்டுக்குள்தான் என்று பட்டிருந்தது.

குடியுரிமைத் தாள் கிடைத்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. மாமா வீட்டுக்கு நான் போனபோது கண்டது, வெள்ளைக்காரர் காலத்து லயத்தில் அதே பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு, அதாவது முன்திண்ணை. அவருக்கு வாக்கு இருக்கிறது, தேசிய அடையாள அட்டை இருக்கிறது, ஆனால் நின்றுகொண்டிருக்கும் மண் தோட்டத்துக்குச் சொந்தம். கடிதம் அவர் வீட்டுக்கு வராது, தோட்ட அலுவலகத்துக்கு வரும். வேலையை விட்டால் வீடும் போய்விடுமோ என்ற அச்சம் நான்காம் தலைமுறைக்கும் தீரவில்லை. 2015க்குப் பிறகு 7 பேர்ச் (ஏறத்தாழ நான்கு சென்ட்) காணியில் தனி வீடு கட்டித் தரும் திட்டம் வந்தது. இந்திய உதவியிலும் வீடுகள் எழும்பின. கிடைத்தவர்கள் கதவிலக்கத்தைச் சுவரில் எழுதிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். தன் பெயருக்கு ஒரு முகவரி இருப்பதில் அவர்கள் அடைந்த மகிழ்ச்சியைப் பார்த்த பிறகு, நாட்டுப்பற்று பற்றிய பெரிய பேச்சுகளைவிடக் காணி உறுதி என்னும் நிலப்பத்திரம் ஒன்றே ஒருவரை அந்த நாட்டோடு இறுக்கமாகப் பிணைக்கும் என்று நம்புகிறேன்.

பூர்வீகத்தைப் பற்றி இதுவரை நல்லதாகவே பேசிவிட்டேன். அதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கங்காணி தன் உறவிலும் தன் சாதியிலுமே ஆள் சேர்த்தார். லயங்களும் சாதிவாரியாகவே பிரிக்கப்பட்டன. ஊரின் பெயரோடு சாதியும் கப்பலேறிப் போனது. பூர்வீக ஊரைச் சொன்னால் அடுத்த கேள்வியாகத் தெருவையும் கேட்பார்கள் என்பதற்காகவே ஊரை மறந்துவிட்டதாகச் சொல்லும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய், வேர்களைத் தேடுங்கள் என்று உபதேசிக்க எனக்கு வாய் வராது. முன்னோரிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை பிறந்தவருக்கு உண்டு. மறதியும் சில வேளைகளில் சுயமரியாதைக்காகச் செய்யப்படுவதே.

குடியுரிமை கேள்விக்கு உள்ளாகாத இடத்தில் பூர்வீகம் எவ்வளவு இலகுவாக மூச்சு விடுகிறது என்பதற்கு மொரிசியஸ் தமிழரைப் பார்க்கலாம். பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், தமிழ் பேச்சில் இல்லை. ஆனால் தைப்பூசம் அங்கே பொது விடுமுறை. பணத்தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் புதிய தாள்களில் தமிழுக்கு இருந்த இடத்தை மாற்றிக் கீழே தள்ளியபோது தமிழர்கள் எதிர்த்தார்கள், தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் போராட்டத்தில் யாரும் இந்தியக் குடியுரிமை கேட்கவில்லை. தங்கள் நாட்டுப் பணத்தில் தங்கள் முன்னோரின் எழுத்துக்கு உரிய இடம் வேண்டும் என்று மொரிசியஸ் குடிமக்களாக நின்று கேட்டார்கள். மலையகத் தமிழர் கேட்பதும் இதே வகைதான். அவர்கள் கேட்பதற்கு முன்பே நாட்டை விட்டு அனுப்பும் பேச்சு வந்துவிட்டது என்பதுதான் வேறுபாடு.

உங்கள் நண்பரிடம் மறுபடி பேசும்போது, முதலில் அவருடைய தோட்டத்தின் பெயரைக் கேளுங்கள். எந்தப் பிரிவு, மேல்மலையா கீழ்மலையா என்று கேளுங்கள். அது அவருடைய ஊர். பூர்வீகத்தை அவராகச் சொல்லுவார். குலதெய்வத்தைத் தேட உதவ நினைத்தால் அதற்கு வழிகள் இருக்கின்றன. 1901 வாக்கில் ஆளுக்கொன்றாகக் கழுத்தில் கட்டி அனுப்பிய தகரத் துண்டோ, 1921 வரை புழக்கத்திலிருந்த, கடன் பற்றைக் குறித்த பற்றுத் துண்டுகளோ சில வீடுகளில் இன்னும் பழைய பெட்டிகளில் கிடக்கின்றன. பெரும்பாலும் அவற்றில் தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் மட்டுமே இருக்கும், கிராமத்தின் பெயர் இருக்காது. அதைவிடப் பயன்படுவது குலதெய்வத்தின் முழுப்பெயரும், அந்தக் குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களும். கருப்பர் என்றால் போதாது, எந்தக் கருப்பர் என்று பெரியவர்களிடம் கேட்க வேண்டும். ஒரு வட்டாரத்துக்கே உரிய அடைமொழி அதில் இருக்கும். அந்த அடைமொழியை வைத்துக் கோயில் பூசாரிகளை விசாரித்து ஊரைக் கண்டடைந்தவர்கள் பலர். வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டாம். கொள்ளுப்பேரர் வரைதான் அது பொதுவாகச் செல்லும். அதற்கும் முன்னோர் இந்தியாவில் பிறந்ததைத் தாளில் காட்ட வேண்டும். 1948இல் அவர் குடும்பத்திடம் கேட்ட அதே பாட்டன் பூட்டன் தாளை இந்த முறை மறுகரை கேட்கிறது.

என் மாமா மகன் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். இலங்கைக் கடவுச்சீட்டும் சுற்றுலா விசாவும் அவரிடம் இருந்தன. கருப்பர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். பாட்டி இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பூசாரி அர்ச்சனைக்கு ஊர் பெயர் கேட்டபோது அவர் சற்றும் தயங்காமல் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். பூசாரிக்கு அது பிடிபடவில்லை. இரண்டாம் முறை கேட்டு, எழுத்துக் கூட்டித் திருத்தமாகச் சொல்லி, கருப்பரிடம் விண்ணப்பித்தார். திருநீற்றை ஒரு தாளில் மடித்து, தோட்டத்துக் கோயிலில் கலக்க வேண்டும் என்று மாமா மகன் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டார்.